எடை கூடியவருக்கு முதல் சைக்கிள்: பின்சக்கரத்தில் தொடங்கித் தேர்ந்தெடுப்பது எப்படி

100 கிலோவைத் தாண்டிய ஒருவர் முதல் முறையாகவோ, பல வருடம் விட்டுப்போய் மறுபடியுமோ சைக்கிள் வாங்கக் கிளம்பினால், அவர் முதலில் கேட்பது "ஃப்ரேம் தாங்குமா?" என்பதைத்தான். ஒழுங்காகச் செய்த ஃப்ரேம் பெரும்பாலும் தாங்கிவிடும். முதலில் கைவிடுவது பின்சக்கரம். அதற்கு அடுத்து சீட் கம்பி, பெடல், கிராங்க் (பெடல் மாட்டியிருக்கும் கை) என்று ஒவ்வொன்றாக வரும்.

புதிதாக வருபவர்கள் சிக்கிக்கொள்வது பெரும்பாலும் வரிசையில்தான். நிறம், மாடல், கியர் எண்ணிக்கை எல்லாம் பார்த்து மனதுக்குப் பிடித்ததை முடிவு செய்துவிட்டு, கடைசியில் "என் எடையைத் தாங்குமா?" என்று கேட்கிறார்கள். அந்த நேரத்தில் "தாங்கும்" என்ற பதிலைக் கேட்கத்தான் மனம் விரும்பும். அதனால் இந்த வழிகாட்டி எடையில் தொடங்கி, பின்சக்கரம், டயர், உட்காரும் நிலை, பிரேக் என்று போகிறது. நிறம் கடைசியில் உங்கள் விருப்பம்.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். "கொஞ்சம் எடை குறைந்தபின் வாங்கலாம்" என்று தள்ளிப்போட வேண்டாம். இன்றைய எடைக்குப் பொருந்துகிற சைக்கிள் இருக்கிறது. எதைப் பார்த்து வாங்குவது என்று தெரிந்தால் போதும்.

கையில் இருக்க வேண்டியவை

எடை பார்க்கும் கருவி, அளவு நாடா, குறிப்பெழுத ஒரு தாள். காற்றழுத்தம் காட்டும் மானியுடன் கூடிய நின்று அடிக்கும் பம்பு ஒன்றையும் சைக்கிள் செலவோடு சேர்த்தே கணக்கிடுங்கள். அது ஏன் அவ்வளவு முக்கியம் என்பது டயர் பகுதியில் வரும். கடைக்குப் போகும்போது உங்கள் எடை தெரிந்த, அதைப் பேசத் தயங்காத ஒருவர் கூட வந்தால் நல்லது. சங்கடத்தில் எடையைக் குறைத்துச் சொல்பவர்கள் நிறையப் பேர். அப்படிச் சொன்னால் கிடைக்கும் ஆலோசனை வேறு யாருக்கோ ஆனது.

1. மூன்று எடைகளைக் கூட்டுங்கள்

முதல் எடை உங்களுடையது. ஓட்டும்போது போடும் உடை, காலணி, ஹெல்மெட் எல்லாவற்றோடும் கருவியில் ஏறுங்கள். இரண்டாவது எடை சுமை: பை, தண்ணீர், பூட்டு, காய்கறி. மூன்றாவது சைக்கிளின் சொந்த எடை. உறுதியான சாதாரண சைக்கிள் 13 முதல் 18 கிலோ வரை இருக்கும்.

ஓர் எடுத்துக்காட்டு: ஆள் 118, சுமை 5, சைக்கிள் 16. மொத்தம் 139 கிலோ. இந்த எண்ணைத் தாளில் பெரிதாக எழுதிக்கொள்ளுங்கள். இனி எல்லா முடிவும் இதை வைத்துத்தான். வெறும் 118-ஐ வைத்துக்கொண்டு கடைக்குப் போனால், அடுத்த படியில் ஏமாறுவது உறுதி.

2. எடை வரம்பைச் சரியாகப் படியுங்கள்

தயாரிப்பாளர்கள் எடை வரம்பை இரண்டு விதமாகக் குறிப்பிடுகிறார்கள். ஒன்று, ஓட்டுபவரின் எடை மட்டும். இன்னொன்று, ஆள், சுமை, சைக்கிள் மூன்றும் சேர்ந்த மொத்த எடை. பட்டியலில் "136 கிலோ" என்று மட்டும் இருந்தால், அது எந்த வகை என்று தெரியாமல் எதையும் முடிவு செய்ய வேண்டாம். மேலே சொன்ன 118 கிலோ ஆளுக்கு, ஆள் எடை வரம்பு 136 என்றால் தாராளமாகப் போதும். மொத்த எடை வரம்பு 136 என்றால் ஏற்கெனவே 3 கிலோ மீறிவிட்டது.

136 என்ற எண் பல மாடல்களில் கண்ணில் படும். அது 300 பவுண்டின் கிலோ மதிப்பு. சுமை ஏற்றிப் போகவென்றே செய்த சைக்கிள்களிலும் சில மின்சார சைக்கிள்களிலும் 150, 180 என்று வரம்பு இன்னும் மேலே போகும்.

வரம்புக்கும் உங்கள் மொத்தத்துக்கும் நடுவில் 10 முதல் 15 கிலோ இடைவெளி இருக்கட்டும். காரணம், பழகாதவர் பள்ளம் வந்தாலும் சீட்டில் அழுந்தியே உட்கார்ந்திருப்பார். அனுபவமுள்ளவர் இடுப்பைத் தூக்கிவிடுவார். ஒரே எடைதான், ஆனால் சக்கரத்தில் விழும் அடி வேறு.

வாய்ச்சொல்லைக் கணக்கில் எடுக்காதீர்கள். "இதுல எவ்வளவு வெயிட்டும் ஏத்தலாம்" என்று யாராவது சொன்னால், கையேட்டில் அந்த வரியைக் காட்டச் சொல்லுங்கள். வரம்பை மீறிய எடையில் ஏதாவது உடைந்தால் உத்தரவாதம் கைகொடுக்காமல் போகலாம். கேரியர், சீட் கம்பி போன்ற பாகங்களுக்குத் தனித்தனி வரம்பு உண்டு. ஃப்ரேமின் வரம்பு எவ்வளவு பெரிதாக இருந்தாலும், அந்தப் பாகத்துக்கு அதன் சொந்த வரம்புதான் பொருந்தும்.

3. வகையை முடிவு செய்யுங்கள்

இந்தப் படியிலேயே பாதி மாடல்களைக் கழித்துவிடலாம்.

பொருத்தமானவை: நிமிர்ந்து உட்காரும் ஹைப்ரிட் (ரோடு சைக்கிளும் மவுண்டன் சைக்கிளும் கலந்த வகை), சஸ்பென்ஷன் (அதிர்வு தாங்கும் ஸ்பிரிங் அமைப்பு) இல்லாத மவுண்டன் சைக்கிள், சுமையோடு நெடுந்தூரம் போகச் செய்த டூரிங் சைக்கிள். ஃப்ரேம் இரும்பா அலுமினியமா என்று ரொம்பக் குழப்பிக்கொள்ள வேண்டாம். இரண்டிலும் உறுதியானவை இருக்கின்றன. எடை வரம்பு எழுத்தில் இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

தவிர்க்க வேண்டியவை: குறைந்த ஸ்போக்கும் (சக்கரக் கம்பி) ஒல்லி டயரும் உள்ள ரேஸ் சைக்கிள், மலிவு விலையில் முன்னும் பின்னும் சஸ்பென்ஷன் வைத்தது, வரம்பு எழுதாத மடக்கு சைக்கிள்.

சஸ்பென்ஷன் விஷயத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும், ஏனென்றால் அதிகம் பேர் விழுவது இதில்தான். "எடை அதிகம், அதனால் ஸ்பிரிங் இருந்தால் நல்லது" என்பது கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் மலிவான முன் ஃபோர்க்கில் (முன்சக்கரத்தைப் பிடிக்கும் கவையில்) இருக்கும் ஸ்பிரிங் சராசரி எடைக்கு அளவெடுத்தது. 120 கிலோ ஆள் ஏறியதும் அது பாதிக்கு மேல் அமுங்கிவிடும். பள்ளம் வரும்போது அமுங்குவதற்கு மிச்சம் இருக்காது, "டொக்" என்று அடியில் இடிக்கும். பிரேக் பிடித்தால் முன்பக்கம் தாழ்ந்து, உடல் எடை கைகளுக்குப் போகும். அழுத்தத்தை உங்கள் எடைக்கு ஏற்ப வைக்கக்கூடிய காற்று ஃபோர்க் என்றால் பரவாயில்லை. அந்த வசதி இல்லாவிட்டால் நேரான, அசையாத ஃபோர்க்தான் நல்லது. அதிர்வைக் குறைக்கும் வேலையை அகலமான டயர் பார்த்துக்கொள்ளும்.

மின்சார சைக்கிள் வாங்குவதாக இருந்தால் அதன் சொந்த எடை 20 முதல் 25 கிலோவுக்கு மேலும் வரும் என்பதை மறக்காதீர்கள். முதல் படியில் போட்ட கூட்டலைத் திரும்பப் போட வேண்டும்.

4. பின்சக்கரத்தைப் பரிசோதியுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பகுதிக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

நிமிர்ந்து உட்கார்ந்தால் உங்கள் எடையில் பாதிக்கு மேல், பெரும்பாலும் அறுபது சதவீதத்துக்கும் கூடுதலாக, பின்சக்கரத்தில் இறங்குகிறது. சக்கரம் ஒவ்வொரு முறை சுற்றும்போதும், தரையை நோக்கி இருக்கும் ஸ்போக்குகள் கொஞ்சம் தளர்ந்து, மேலே போனதும் மறுபடி இறுகும். பெரிய சக்கரத்தில் ஒரு கிலோமீட்டருக்கு 450 முறைக்கு மேல் இது நடக்கிறது. ஸ்போக் போதிய இறுக்கத்தில் இருந்தால் ஒன்றும் ஆகாது. தொளதொளவென்று இருந்தால் ஒவ்வொரு சுற்றிலும் அதன் வளைவு மடங்கி நிமிர்ந்து, உலோகம் களைத்துப்போய், ஒருநாள் ஹப்புக்கு (சக்கரத்தின் நடுக்குடத்துக்கு) பக்கத்தில் "டிங்" என்று அறுந்துவிடும். ஸ்போக் அறுந்தவர்கள் பெரும்பாலும் தங்கள் எடையைத்தான் குறை சொல்லிக்கொள்கிறார்கள். எடை அந்தத் தேய்வை வேகப்படுத்துகிறது, உண்மைதான். ஆனால் அதற்கு வழிவிடுவது சரியாக இறுக்காத சக்கரம்.

ஸ்போக்குகளை எண்ணுங்கள். பின்சக்கரத்தில் குறைந்தது 32 வேண்டும். 120 கிலோவுக்கு மேல் என்றால் 36 தேடுங்கள். எண்ணிக்கை கூடக்கூட ஒவ்வொரு கம்பியும் சுமக்கும் பங்கு குறையும். ஒன்று அறுந்தாலும் ரிம் அவ்வளவாகக் கோணாது, வீடு வரை வந்துவிடலாம். 20, 24 ஸ்போக் சக்கரங்கள் பார்க்க அழகாக இருந்தாலும் உங்களுக்கானவை அல்ல.

ரிம் இரட்டைச் சுவர் கொண்டதா என்று கேளுங்கள். ஒற்றைச் சுவர் ரிம்மில், டயரைக் கழற்றி உள்ளே இருக்கும் நாடாவை விலக்கினால் ஸ்போக்கை ரிம்மில் இறுக்கும் நிப்பிளின் தலை மேலேயே தெரியும். இரட்டைச் சுவரில் நிப்பிள் ஓட்டைக்குள் ஆழத்தில் இருக்கும். இரண்டு சுவருக்கும் நடுவே பெட்டி போல வெற்றிடம் இருப்பதால் ரிம் சுலபத்தில் வளையாது.

அடுத்தது ஹப். இதைக் கடையில் பார்ப்பவர்கள் மிகவும் குறைவு. பின்னால் இருக்கும் பற்சக்கரக் கூட்டம் இரண்டு விதமாகப் பொருத்தப்படும்: ஃப்ரீவீல், கேசட். ஃப்ரீவீல் ஹப்பில் வலதுபக்க பேரிங் உள்ளே தள்ளி இருப்பதால், பேரிங்குக்கும் ஃப்ரேமுக்கும் நடுவே அச்சு நீளமாகத் தாங்கலின்றி நிற்கும். எடை கூடியவர்களுக்கு அச்சு வளைவதும் உடைவதும் அந்த இடத்தில்தான். கேசட் ஹப்பில் பேரிங் ஃப்ரேமுக்குப் பக்கத்திலேயே இருக்கும், அச்சு தாக்குப்பிடிக்கும்.

எது என்று கண்டுபிடிக்க வழி இருக்கிறது. சக்கரம் சுற்றாமல் பிடித்துக்கொண்டு, பற்சக்கரங்களைக் கையால் பின்னோக்கிச் சுற்றுங்கள். மிகச் சிறிய பற்சக்கரத்துக்குள்ளே, கழற்றும் கருவி மாட்டுவதற்கான வரிப்பள்ளங்கள் உள்ள வளையத்தைக் கவனியுங்கள். அது பற்சக்கரங்களோடு சேர்ந்து சுற்றினால் கேசட். அசையாமல் நின்றால் ஃப்ரீவீல். பல கியர் உள்ள சைக்கிள் என்றால் கேசட்டையே வாங்குங்கள்.

சமதளத்தில் மட்டும் ஓட்டுவீர்கள் என்றால் ஹப்புக்குள்ளேயே கியர் உள்ள சைக்கிளையும் பார்க்கலாம். அதில் பற்சக்கரக் கூட்டம் இடத்தை அடைப்பதில்லை. இரண்டு பக்க ஸ்போக்குகளும் கிட்டத்தட்ட ஒரே இறுக்கத்தில் இருப்பதால் சக்கரம் உறுதியாக இருக்கும்.

கடைசியாகக் காதால் ஒரு சோதனை. ஸ்போக்குகளை ஒவ்வொன்றாக விரல் நகத்தால் வீணைத் தந்தி போல மீட்டிப் பாருங்கள். செயின் இருக்கும் வலதுபக்கம் சுருதி கூடுதலாக ஒலிக்கும், இடதுபக்கம் கொஞ்சம் தாழ்ந்து ஒலிக்கும். அது இயல்பு. பார்க்க வேண்டியது ஒரே பக்கத்துக்குள் இருக்கும் வேறுபாடு. இடதுபக்கத்தில் எல்லாம் "டிங்" என்று ஒலிக்க, நடுவில் ஒன்றிரண்டு மட்டும் "டப்" என்று செத்த ஒலி தந்தால், அந்தச் சக்கரத்தை அவசரமாகக் கோர்த்திருக்கிறார்கள். அதற்காகச் சைக்கிளை வேண்டாம் என்று விட்டுவர வேண்டியதில்லை. பணம் கட்டும் முன் சக்கரத்தைக் கோட்டம் எடுத்து, ஸ்போக்குகளைச் சமமாக இறுக்கித் தரச் சொல்லுங்கள்.

எல்லாம் பிடித்து, பின்சக்கரம் மட்டும் சரியில்லை என்றால், நல்ல மெக்கானிக் ஒருவரிடம் 36 ஸ்போக்கில் கையால் கோர்த்த பின்சக்கரம் ஒன்றைச் செய்து மாட்டிக்கொள்ளலாம். விலை கூடிய ஃப்ரேமுக்குப் போவதைவிட இந்தச் செலவுக்குப் பலன் அதிகம் என்பது என் கருத்து.

5. டயர் அகலமும் காற்றும்

டயரின் பக்கச் சுவரில் 47-622, 50-559 போன்ற எண் இருக்கும். முதல் எண் அகலம், மில்லிமீட்டரில். இரண்டாவது ரிம்மின் விட்டம். உங்களுக்கு 40 முதல் 55 மி.மீ. வரை அகலம் சரி. அகலம் கூடினால் உள்ளே காற்றின் கொள்ளளவு கூடும். அதனால் குறைந்த அழுத்தத்திலேயே அதே எடையைத் தாங்கும், பள்ளத்தில் ரிம் அடிபடாது, ஸ்போக்குக்குப் போகும் அதிர்ச்சியும் குறையும்.

இரண்டாவது எண் 622 என்றால் பெரிய சக்கரம், 584 நடுத்தரம், 559 சிறியது. ஸ்போக்கும் ரிம்மும் ஒரே தரம் என்றால் சிறிய சக்கரம் உறுதியானது. ஆனால் இதை மட்டும் வைத்து மாடலைத் தேர்ந்தெடுக்க வேண்டாம். நல்லபடி கோர்த்த 622 சக்கரமும் தாங்கும்.

டயருக்கும் ஃப்ரேமுக்கும் நடுவே இரண்டு பக்கமும் விரல் நுழையும் இடம் இருக்கிறதா என்று பாருங்கள். பின்னால் இன்னும் அகலமான டயர் போட நினைத்தால் அந்த இடம் தேவைப்படும்.

அப்புறம் காற்று. எடை கூடியவர்கள் அடிக்கடி பஞ்சர் ஆகிறது என்று சொல்லும்போது ட்யூபைப் பாருங்கள். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு சிறிய கீறல் இருந்தால் ஆணியோ முள்ளோ காரணமில்லை. காற்று குறைவாக இருந்து, பள்ளத்தில் இறங்கியபோது ட்யூப் ரிம்முக்கும் தரைக்கும் நடுவே நசுங்கியிருக்கிறது.

விரலால் அமுக்கிப் பார்த்து "டைட்டா இருக்கு" என்று முடிவு செய்ய முடியாது. உங்கள் எடைக்குப் போதாத அழுத்தத்தில்கூட டயர் விரலுக்குக் கல் மாதிரிதான் இருக்கும். மானி வைத்த பம்பு வேண்டும் என்று சொன்னது இதற்காகத்தான். டயரில் எழுதியிருக்கும் உச்ச அழுத்தத்தைத் தாண்ட வேண்டாம். ரிம்மில் அதைவிடக் குறைந்த எண் இருந்தால் அதுதான் எல்லை. அந்த எல்லைக்குக் கொஞ்சம் கீழே தொடங்குங்கள். பின்டயரைவிட முன்டயரில் சற்றுக் குறைவாக வையுங்கள், முன்னால் எடை குறைவு.

சரியான அழுத்தமா என்று பார்க்க, நீங்கள் சீட்டில் உட்கார்ந்திருக்கும்போது ஒருவரைப் பின்னாலிருந்து பார்க்கச் சொல்லுங்கள். தரையைத் தொடும் இடத்தில் டயர் லேசாகப் பிதுங்க வேண்டும். பிதுங்கி ரிம் தரையை நெருங்கினால் காற்று போதாது. கொஞ்சம்கூடப் பிதுங்கவில்லை என்றால் அழுத்தம் அதிகம், எல்லா அதிர்வும் உங்கள் முதுகுக்கு வரும். ட்யூபிலிருந்து காற்று தானாகவே கசியும் என்பதால் வாரம் ஒருமுறை மானி வைத்துப் பார்க்க வேண்டும்.

6. ஃப்ரேம் அளவும் உட்காரும் நிலையும்

"பெரிய ஆளுக்குப் பெரிய ஃப்ரேம்" என்று நீட்டிவிடுவது கடைகளில் சகஜம். ஃப்ரேம் அளவு உயரத்துக்கும், கால் கை நீளத்துக்கும் உரியது. உடல் பருமனுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. தேவைக்கு மேல் நீளமான ஃப்ரேமில் கை எட்டுவதற்காகக் குனிய வேண்டியிருக்கும். குனிந்தால் மிதிக்கும்போது தொடை வயிற்றில் இடிக்கும், மூச்சு முட்டும், உள்ளங்கை மரத்துப்போகும். முதல் வாரத்திலேயே சைக்கிளை ஓரமாக நிறுத்தி வைப்பவர்கள் பலருக்கு இதுதான் காரணம்.

ஹேண்டில்பார் சீட்டின் உயரத்துக்குச் சமமாகவோ, மேலாகவோ இருக்கட்டும். முழங்கை லேசாக மடங்கியபடி பிடியை எட்ட வேண்டும். முழங்கால் மேலே வரும்போது வெளிப்பக்கமாக விரிகிறதா என்று பாருங்கள். விரிந்தால் ஹேண்டில்பாரை உயர்த்தவோ, பின்னால் கொண்டுவரவோ வேண்டும். ஹேண்டில்பாரைப் பிடித்திருக்கும் ஸ்டெம்மை மாற்றினாலே பல நேரங்களில் சரியாகிவிடும்.

காலைப் பின்னால் தூக்கிப் போட்டு ஏறுவது சிரமமா? மேல்குழாய் தாழ்ந்த ஃப்ரேமை வாங்குங்கள். அது பெண்களுக்கு மட்டும் என்று நினைத்து ஆண்கள் ஒதுக்கிவிடுகிறார்கள். ஏறவும் இறங்கவும் பயம் இருந்தால் தினமும் ஓட்ட மனம் வராது. சிக்னலில் சட்டென்று காலை ஊன்றவும் அது வசதி. இத்தகைய ஃப்ரேம் சில மாடல்களில் லேசாக முறுக்கிக்கொடுக்கும், அதனால் எடை வரம்பைத் தனியாகப் பாருங்கள்.

7. சீட், சீட் கம்பி, பெடல், கிராங்க்

சீட் மெத்தென்று இருந்தால் சுகம் என்று தோன்றும். கடையில் ஐந்து நிமிடம் சுகமாகத்தான் இருக்கும். அரை மணி நேரத்தில் உட்காரும் எலும்புகள் மெத்தைக்குள் அமிழ்ந்து, நடுப்பகுதி மேலே எழும்பி, மென்மையான இடத்தை அழுத்தி மரத்துப்போகச் செய்யும். எலும்புகள் இரண்டும் ஊன்றுகிற அளவுக்கு அகலமான, ஓரளவு கடினமான சீட்தான் நீண்ட நேரத்துக்கு ஏற்றது. அடியில் இருக்கும் தண்டுகள் எஃகில் இருக்கட்டும்.

சீட் கம்பியில் "இதற்கு மேல் உயர்த்தாதே" என்று ஒரு கோடு போட்டிருப்பார்கள். அந்தக் கோடு வெளியே தெரியவே கூடாது. கோட்டைத் தாண்டி உயர்த்தினால் உங்கள் முழு எடையும் நெம்புகோல் போல ஃப்ரேம் குழாயின் வாயைப் பிளக்கும். உயரம் போதாவிட்டால் நீளமான கம்பி வாங்க வேண்டும். சீட்டைப் பிடிக்கும் கிளாம்ப்பில் இரண்டு போல்ட் இருந்தால், சீட் முன்னும் பின்னும் சாய்ந்து நழுவாது.

கூடவே வரும் பிளாஸ்டிக் பெடலைக் கழற்றிவிட்டு, எஃகு அச்சுள்ள, அகலமான உலோகப் பெடல் போடுங்கள். செலவு சிறியது. பெடல் அச்சு முறிந்தால் முழு எடையும் அந்தப் பக்கம் சரிந்து விழுவீர்கள். மாற்றும்போது இடது பெடலின் மரை தலைகீழ் என்பது நினைவிருக்கட்டும். வழக்கம்போலத் திருகினால் கிராங்கின் மரை போய்விடும்.

8. பிரேக்கும் கியரும்

அதே வேகத்தில் போகும் 70 கிலோவை நிறுத்துவதைவிட 140 கிலோவை நிறுத்த இரண்டு மடங்கு ஆற்றலை பிரேக் விழுங்க வேண்டும். இறக்கத்தில் இது நன்றாகவே தெரியும். எண்ணெய் அழுத்தத்தில் இயங்கும் ஹைட்ராலிக் டிஸ்க் பிரேக் என்றால் விரல் வலிக்காமல் பிடிக்கலாம். ஃபோர்க் அனுமதித்தால் முன்னால் 160 மி.மீ. டிஸ்க்குக்குப் பதில் 180 மி.மீ. போடலாம், சூடு குறையும். சமதளத்தில் நல்ல வி-பிரேக்கும் போதும், ஆனால் அது ரிம்மைத் தேய்க்கும் என்பதால் ரிம்மின் பக்கச் சுவரை அவ்வப்போது பார்க்க வேண்டும்.

முன்பிரேக்குக்குப் பயந்து பின்பிரேக்கை மட்டும் பிடிப்பது புதியவர்களின் வழக்கம். சைக்கிளை உண்மையில் நிறுத்துவது முன்பிரேக்தான். இரண்டையும் சேர்த்து, படிப்படியாக அழுத்தப் பழகுங்கள்.

கியரில் மொத்தம் எத்தனை என்பதைப் பார்க்க வேண்டாம். மிகவும் இலகுவான கியர் எது என்று பாருங்கள். முன்னால் உள்ள சிறிய பற்சக்கரத்தின் பல்லை, பின்னால் உள்ள பெரிய பற்சக்கரத்தின் பல்லால் வகுத்தால் 1 அல்லது அதற்குக் கீழே வர வேண்டும். 28-ஐ 34-ஆல் வகுத்தால் 0.82. அதுவே 44-ஐ 28-ஆல் வகுத்தால் 1.57. இரண்டாவது சைக்கிளில் அதே மேட்டை ஏற ஒவ்வொரு மிதிக்கும் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு விசை வேண்டும். அந்தச் சுமை முழங்காலுக்குத்தான் போகும். கியரை மேடு வருவதற்கு முன்பே மாற்றிவிடுங்கள். முழு பலத்தோடு மிதித்துக்கொண்டே மாற்றினால் செயின் பிய்ந்துபோகலாம்.

9. ஓட்டிப் பார்க்கும்போது

முதலில் சீட்டைச் சரி செய்யுங்கள். குதிகாலைப் பெடலில் வைத்து, பெடல் அடியில் இருக்கும்போது கால் நேராக நீள வேண்டும். அப்போது பாதத்தின் முன்பகுதியால் மிதித்தால் முழங்கால் லேசாக மடங்கும். பயத்தில் சீட்டை ரொம்பத் தாழ்த்தி ஓட்டினால் முழங்கால் வலிக்கும், சைக்கிள் சரியில்லை என்று தோன்றும். ஏறப் பயமாக இருந்தால் முதல் சில நாட்களுக்கு மட்டும் கொஞ்சம் தாழ்த்தி வைத்து, பழகப்பழக உயர்த்துங்கள்.

அடுத்து காற்றழுத்தம். கடையில் நிற்கும் சைக்கிளில் காற்று குறைவாகவே இருக்கும். அப்படியே ஏறினால் நல்ல சைக்கிளும் இழுபடும்.

பின் ஒரு சிறு மேட்டில் எழுந்து நின்று மிதியுங்கள். ஒவ்வொரு மிதிக்கும் டயர் ஃப்ரேமிலோ, பிரேக் கட்டையிலோ உரசும் சத்தம் வந்தால் சக்கரமோ ஃப்ரேமோ உங்கள் எடைக்கு வளைகிறது. "கிரிச் கிரிச்" சத்தம் வந்தால் எந்த போல்ட்டிலிருந்து என்று கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். கடைசியாக, மிதமான வேகத்தில் இரண்டு பிரேக்கையும் பிடித்து, கைப்பிடி ஹேண்டில்பாரைத் தொடுவதற்கு முன்பே நிற்கிறதா என்று பாருங்கள்.

பழைய சைக்கிள் என்றால் இன்னும் இரண்டு பார்வை. குழாய்கள் சேரும் வெல்டிங் ஓரங்களில் மயிரிழை போன்ற விரிசலோ, பெயின்ட் வெடிப்போ இருந்தால் விட்டுவிடுங்கள். பின்சக்கரத்தில் ஒரு ஸ்போக் மட்டும் புதிதாகப் பளபளத்தால் ஏற்கெனவே ஒன்று அறுந்திருக்கிறது. மற்றவையும் அதே வயதுதான்.

10. வாங்கிய பிறகு

முதல் 100 முதல் 150 கிலோமீட்டருக்குள் சைக்கிளை மெக்கானிக்கிடம் கொண்டுபோய் ஸ்போக் இறுக்கத்தைச் சரி செய்ய வேண்டும். புதுச் சக்கரத்தில் ஸ்போக்குகள் தங்கள் இடத்தில் படிந்து உட்காரும்போது இறுக்கம் குறையும். முதல் நாட்களில் "டிக் டிக்" என்று கேட்பது பெரும்பாலும் அந்தப் படிதல்தான். இந்த ஒரு வேலையைத் தவறவிடுவதால்தான் நல்ல சக்கரங்கள்கூட சில மாதங்களில் போகின்றன.

அதே நேரத்தில் கிராங்க் போல்ட்டையும் இறுக்கச் சொல்லுங்கள், முக்கியமாக இடதுபக்கம். தளர்ந்த கிராங்கோடு "நாளைக்குப் பார்த்துக்கலாம்" என்று ஓட்டினால் கிராங்கின் ஓட்டை உருக்குலைந்துவிடும். அதன்பின் எவ்வளவு இறுக்கினாலும் நிற்காது, கிராங்கையே மாற்ற வேண்டும்.

ஓட்டும் பழக்கத்தில் ஒன்றே ஒன்று போதும். பள்ளமோ மேடோ வரும்போது மிதிப்பதை நிறுத்தி, இரண்டு பெடலையும் ஒரே மட்டத்தில் வைத்து, சீட்டிலிருந்து இரண்டு விரற்கடை எழும்புங்கள். முழங்கால் மடங்கி அதிர்வை வாங்கிக்கொள்ளும். பின்சக்கரத்துக்கு விழ வேண்டிய அடி பெருமளவு குறைந்துவிடும்.

வழியில் ஸ்போக் ஒன்று அறுந்தால், அறுந்த கம்பியைப் பக்கத்துக் கம்பியில் சுற்றிவிட்டு, வி-பிரேக் என்றால் அது ரிம்மில் உரசாதபடி கொஞ்சம் தளர்த்தி, முன்பிரேக்கை நம்பி மெதுவாக வீடு வாருங்கள். அன்றோ மறுநாளோ மாற்றிவிட வேண்டும். அறுந்ததை விட்டுவிட்டு ஓட்டினால் அதன் பங்கையும் பக்கத்துக் கம்பிகள் சுமக்கும். அதே சக்கரத்தில் மூன்றாவது முறை அறுந்தால் ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டிருக்காமல், ரிம் நல்ல நிலையில் இருக்கும்போதே எல்லா ஸ்போக்கையும் புதிதாகப் போட்டு, இறுக்கமாகக் கோர்க்கச் சொல்லுங்கள்.